தங்கம் குறைந்த காசுக்கு இத்தனை விலையா?

அன்புள்ள ஐயா,

பழைய அமெரிக்க நாணயங்கள் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். கலிபோர்னியாவில் தங்கம் தேடிக் கூட்டம் குவிந்த காலத்தில் தனியார் கம்பெனிகளே பொற்காசு அடித்தார்களாமே, அது கள்ள நாணயம் ஆகாதா? அதிலும் தங்கத்தைக் குறைத்து அடித்து மாட்டிக்கொண்ட கம்பெனியின் காசுக்குத்தான் ஏலத்தில் அடிதடி என்கிறார் நண்பர். நம்ப முடியவில்லை. இன்னொன்று, 1852 என்று பொறித்த, கரடி உருவம் போட்ட குட்டிக் காசு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

ரா., மதுரை

அன்புள்ள ரா.,

கள்ள நாணயம் ஆகாது. காசு அடிக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சாசனம் மாநிலங்களைத்தான் தடுத்தது, தனியாரை அல்ல. அந்த ஓட்டையை 1864-ல்தான் சட்டம் போட்டு அடைத்தார்கள். தேவையும் இருந்தது. கலிபோர்னியாவின் கொலோமாவில் தங்கம் கிடைத்தது 1848-ல்; சான் பிரான்சிஸ்கோவில் அரசு நாணயச்சாலை திறந்தது 1854-ல். நடுவில் ஊரெல்லாம் தங்கத்தூள், கையில் காசு இல்லை. அவுன்ஸ் 18 டாலர் பெறும் தூளைக் கடைக்காரர் 16 டாலருக்குத்தான் எடுப்பார். நிறுக்கும்போது அவர் கைவரிசை தனி. தங்கத்தைக் காசாக அடித்துக் கொடுக்க மொஃபட் போன்ற கம்பெனிகள் புகுந்தது இந்த இடத்தில்தான்.

நண்பர் சொன்னது பால்ட்வின் கம்பெனியாக இருக்கும். 1850-ல் அவர்கள் அடித்த 10 டாலர் காசைப் படத்திலாவது பாருங்கள். மற்றவர்கள் அரசுக் காசைப் பார்த்து சுதந்திர தேவியின் தலையையும் கழுகையும் போட்டுக்கொண்டிருக்க, இதில் ஒருவன் சுருக்குக் கயிற்றைச் சுழற்றியபடி குதிரையில் பாய்கிறான். அந்தக் காலத்துக் காசுகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

1851-ல் ஜேம்ஸ் கிங் என்ற வங்கிக்காரர் பால்ட்வின் காசுகளை, அரசு சார்பில் மாற்றுப் பார்க்கும் அகஸ்டஸ் ஹம்பர்ட்டிடம் சோதிக்கக் கொடுத்தார். 20 டாலர் காசில் சுமார் 19.40 டாலர் தங்கம்தான் தேறியது. நூற்றுக்கு மூன்று குறைவு. நம்மூர் நகைக்கடைச் சேதாரத்தைப் பார்த்தவர்களுக்கு இது தர்ம நியாயமாகத் தெரியும்! ஆனால் செய்தி வெளியே வந்ததும் பால்ட்வின் காசை முகமதிப்புக்கு வாங்க ஆளில்லை. வெறும் தங்கமாக எடை போட்டு உருக்கினார்கள். கம்பெனி கடையைக் கட்டியது. உருக்காமல் தப்பிய சொற்பக் காசுகளுக்குத்தான் இன்று இந்த அடிதடி. நல்ல பெயரெடுத்த மொஃபட் காசுகளும் பின்னால் ஏராளமாக உருகின, ஆனாலும் மிஞ்சியவை அதிகம், அதனால் விலை அவ்வளவு ஏறவில்லை.

சரி, உங்கள் கரடிக்கு வருவோம். விட்டுவிடுங்கள். கால், அரை, ஒரு டாலர் குட்டிப் பொற்காசுகள் கலிபோர்னியாவில் உண்மையிலேயே புழங்கின. ஆனால் அசலில் ‘டாலர்’ என்றோ ‘சென்ட்’ என்றோ மதிப்பு பொறித்திருக்கும். கரடி போட்டவை பொதுவாகப் பிற்பாடு நினைவுப்பொருளாக அடித்தவை. பலவற்றில் தங்கம் பெயருக்குத்தான். 1852 என்று எந்த வருடத்திலும் பொறிக்கலாமே. ஆசை விடவில்லை என்றால், நாணயங்களுக்குத் தரச்சான்று தரும் நிறுவனம் ஒன்றில் சோதித்துச் சான்று வாங்கித் தரும்படி விற்பவரிடமே கேளுங்கள். அப்புறம் அவர் என்ன விலை சொல்கிறார் என்று பாருங்கள்.