பதில்: திருவிருந்து கிண்ணமும் எச்ஐவி பயமும்

பிரதர், உங்க சபைல ஒரு அக்காவுக்கு எச்ஐவின்னு தெரிஞ்சதுலேர்ந்து பாதி பேர் திருவிருந்துல எல்லாரும் திராட்சரசம் குடிக்கற அந்த ஒரே கிண்ணத்துல குடிக்க மாட்டேங்கறாங்க, வாலிபர் கூட்டத்துல இத எப்படி பேசறதுன்னு கேட்டிருந்தீங்க. எங்க சபைலயும் இதே கூத்துதான், ஆயர் கிண்ணத்த நீட்டறாரு, ஒரு பெரியவர் வாய இறுக்கி மூடிக்கிட்டு தலைய ஆட்டறாரு, பக்கத்துல முழங்கால் போட்டிருந்த எச்ஐவி இருக்கற அம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க.

மொதல்ல அந்தக்கா சம்மதம் இல்லாம அவங்க பேச்சையே எடுக்காதீங்க, ஜெபக்குறிப்புங்கற பேர்லகூட வேணாம் (நம்மாளுங்க ஊர்க்கதை பரப்பறதே அதுலதான்). நம்பி சொன்ன எச்ஐவி விஷயத்த வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017 சட்டமே இருக்கு.

நீங்க பிரசங்கம் பண்ணாம அரசு ஆஸ்பத்திரில எச்ஐவிக்கு மாத்திரை குடுக்கற ஏஆர்டி மையத்து கவுன்சிலர கூப்பிடுங்க. எச்சில், கிண்ணம் எதாலயும் பரவாது, மாத்திரைய ஒழுங்கா போட்டு ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு கொறஞ்சு அப்படியே இருந்தா உடலுறவுலகூட பரவாது, இத அவங்க வாயால சொன்னாதான் பெருசுங்க கேப்பாங்க. கேள்விய பேர் போடாம துண்டு சீட்டுல எழுதி வாங்குங்க, எங்களுக்கு வந்த மொத சீட்டே "கொசு கடிச்சா வருமா"தான்!

இந்த நோய் பாவத்தின் சம்பளம்னு யாராவது ஆரம்பிச்சா, பிறவிக் குருடன் அப்படி பிறந்தது யாரோட பாவத்தாலயும் இல்லன்னு இயேசு சொன்ன யோவான் 9 எடுத்து வாசிங்க. உகாண்டால கிடியன் பியாமுகிஷான்னு ஒரு ஆங்கிலிக்கன் குருவானவர் 1992லயே தனக்கு எச்ஐவி இருக்குன்னு வெளிப்படையா சொன்னவரு, அதையும் சொல்லுங்க. ஜெபத்துல சுகமாயிடுச்சு மாத்திரைய நிறுத்துன்னு எவனாவது வந்தா மட்டும் விடவே விடாதீங்க.

சந்தேகம்னா எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு போன் அடிங்க, காசு ஆகாது. அடுத்த திருவிருந்துல நீங்க அந்தக்கா பக்கத்துலயே முழங்கால் போடுங்க.