கருவாட்டு உப்பும் கொட்டகை ஈரமும்: கோழிப் பண்ணை கேள்வி – பதில்

கேள்வி: அரசின் 50 சதவீத மானியத் திட்டத்தில் 250 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். கடைத் தீவனம் கட்டுப்படியாகாததால் குளச்சலில் இருந்து கருவாட்டுத் தூள் வாங்கி, தேங்காய்ப் பிண்ணாக்கு, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) சேர்த்து நானே அரைக்கிறேன். பத்து நாளாக எச்சம் தண்ணீராகப் போகிறது. தரையில் போட்ட நார்க்கழிவு கட்டி கட்டியாகிறது. நோயா? (திருவட்டாறு வட்டாரம்)

பதில்: எச்சத்தில் ரத்தம் தெரிந்தாலோ, கோழி சிறகைத் தொங்கப் போட்டு ஒடுங்கி நின்றாலோ ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். அன்றைக்கே எச்சத்தோடு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். கோழி துறுதுறுவென்று இருந்து, தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்தால் முதலில் கருவாட்டு உப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். உப்பு கூடினால் தாகம் கூடும், எச்சம் தண்ணீராகும், தரையும் நனைந்து கட்டியாகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உப்பிட்டுக் காய வைத்த கருவாட்டில் 20 சதவீதம் உப்பு இருந்தால், 5 கிலோவில் 1 கிலோ உப்பு. 100 கிலோ தீவனத்தில் அதுவே 1 சதவீதம். கோழிக்கு மொத்தமாகவே 0.3 முதல் 0.5 சதவீதம் போதும். இதற்கு மேல் நீங்கள் தனியாகவும் உப்பு போட்டிருப்பீர்கள்! உப்பிடாமல் மணலில் படாமல் காய்ந்த சாளை, நெத்திலிக் கழிவாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு பிடித் தூளைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் கலக்கினால் மணல் அடியில் தங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்தாவது வாரத்துக்கு மேல், 100 கிலோவுக்கு: மக்காச்சோளம் 46, சோயாப் பிண்ணாக்கு 18, எண்ணெய் நீக்கிய தவிடு 15, தேங்காய்ப் பிண்ணாக்கு 8, உப்பில்லாக் கருவாடு 5, மரச்சீனி 5, தாது உப்புக் கலவை 2, சுண்ணாம்புக்கல் தூள் 1. புரதம் சுமார் 18 சதவீதம் வரும். தாதுக் கலவையை நேராகக் குவியலில் கொட்டாதீர்கள். முதலில் 2 கிலோ தவிட்டில், பிறகு 10 கிலோவில் கலந்து, அதன்பின் மொத்தத்தோடு சேருங்கள்.

தேங்காய்ப் பிண்ணாக்கு நம் ஊரில் மலிவு என்று அள்ளிப் போட ஆசை வரும். நார் அதிகம், வளர்ச்சிக்கு வேண்டிய லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அளவு மீறினால் வளர்ச்சி நிற்கும். மரச்சீனியைத் தோல் சீவி மெல்லிசாக நறுக்கி, உடைத்தால் ‘டக்’கென்று ஒடியும்வரை காய வையுங்கள். தோலில்தான் சயனைடு நச்சு அதிகம்.

குமரிக்கு இரண்டு மழைக்காலம். ஈர மக்காச்சோளத்தில் பூஞ்சை வந்தால் அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு ஈரலைக் கெடுக்கும். ஈரம் அறிய, காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மக்காச்சோளமும் உலர்ந்த பொடி உப்பும் போட்டுக் குலுக்குங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம். அந்த மூட்டை வேண்டாம். அரைத்ததை மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கி, மழை மாதங்களில் 15 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: பிராய்லர் கொட்டகைக்கு தேசிய கால்நடை இயக்கத்தில் 25 லட்சம் கிடைக்குமாமே? (தக்கலை)

பதில்: பிராய்லருக்கு இல்லை. அந்த 50 சதவீத மூலதன மானியம் நாட்டுக்கோழி வகைக்கு: குறைந்தது 1,000 தாய்க்கோழி, குஞ்சுப் பொரிப்பகம், குஞ்சு வளர்ப்பகம் சேர்ந்த பண்ணை. உச்சவரம்பு 25 லட்சம், இரண்டு தவணை. முன்பணமாகக் கையில் வராது. வங்கிக் கடனில் வேலை தொடங்கி, அதிகாரிகள் பார்த்த பிறகே முதல் தவணை. ‘மானியம் வந்ததும் கட்டுகிறேன்’ என்று காத்திருப்பவர்களுக்கு இந்தத் திட்டம் ஒத்துவராது. பொரிப்பகம் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் 250 கோழித் திட்டத்தில் தொடங்குவதே என் யோசனை. அதற்கு 625 சதுர அடி இடம் போதும்.

கேள்வி: தோவாளையில் கோழித்தீவன ஆலை போட அதே இயக்கத்தில் 50 லட்சம் கேட்கலாமா?

பதில்: அது சைலேஜ் (ஊறுகாய்ப்புல்), தீவனக் கட்டி போன்ற மாட்டுத்தீவன அலகுகளுக்கு. கோழித்தீவன ஆலைக்கு 2020-இல் வந்த கால்நடை உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியைப் பாருங்கள். மானியம் அல்ல, கடன் வட்டியில் 3 சதவீதத் தள்ளுபடி. இந்த ஆண்டு ஆணை நடப்பில் இருக்கிறதா என்று வங்கியில் உறுதி செய்துகொண்டு இயந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள்.