சாப்பாட்டோடு துண்டுப் பிரசுரமா?

கேள்வி: அறுவை சிகிச்சை முடிந்து வீட்டிலிருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சாப்பாடு கொடுத்து வந்தேன். ஒரு நாள் கூடவே இயேசுவைப் பற்றிய துண்டுப் பிரசுரமும் வைத்தேன். அதிலிருந்து "வேண்டாம்மா, நாங்களே பார்த்துக்கிறோம்" என்கிறார். இயேசுவைப் பற்றி எப்படித்தான் சொல்வது?

பதில்: சாப்பாட்டுக்கு விலை கேட்டது போல அவருக்குப் பட்டிருக்கும். படுத்திருப்பவரால் எழுந்து போகவும் முடியாதே! பிரசுரத்தை நிறுத்துங்கள், உதவியை நிறுத்தாதீர்கள். பைபிளில் லூக்கா 17ஆம் அதிகாரத்தில் இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தான். வராத ஒன்பது பேரின் சுகத்தை இயேசு பிடுங்கிக்கொள்ளவில்லை.

"ஏதாவது வேணுமா?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் வரும். "நாளைக்கு 4 மணிக்கு மருந்துக் கடைக்குப் போறேன்க்கா, சீட்டைக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். வாங்கி வந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். சாப்பாட்டைத் திருப்பித் தரவேண்டாத டப்பாவில் கொடுங்கள். கழுவும் வேலை மிச்சம்.

"ஏம்மா இதெல்லாம் செய்யுற?" என்று அவரே ஒரு நாள் கேட்கலாம். 1 பேதுரு 3:15 சொல்வதும் கேட்பவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லத்தான். இரண்டு நிமிடம் போதும். இயேசு உங்களுக்கு யார் என்பதை மட்டும் சொல்லுங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

முக்கியமாக, அவர் நோயை அனுமதியில்லாமல் ஜெபக் குழுவில் சொல்லாதீர்கள். ஜெபக் குறிப்பு என்று தொடங்குவது ஊர்ப் பேச்சாகி அவர் காதுக்கே வந்துசேரும்.