மனசாட்சியும் பணிநேரப் பட்டியலும்

கேள்வி: அறுவை அரங்கில் தாதியாக வேலை செய்கிறேன். கிறிஸ்தவள் என்பதால் கருக்கலைப்பில் உதவ மனம் ஒப்பவில்லை. மறுக்கலாமா? (வாசகி, ஈசூன்)

பதில்: மறுக்கலாம். சிங்கப்பூரின் கருக்கலைப்புச் சட்டமே மனசாட்சி காரணமாக விலக இடம் தருகிறது. வேலை ஒப்பந்தம்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. வழக்கு வந்தால் நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. சத்தியப் பிரமாணம் செய்து சொல்லலாம். ஆனால் தாயின் உயிரைக் காக்கவோ நிரந்தரமான கடும் பாதிப்பைத் தடுக்கவோ உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சைக்கு இவ்விலக்கு செல்லாது.

பலர் சறுக்குவது நேரத்தில்தான். நோயாளியை மேசையில் படுக்கவைத்த பிறகு சொன்னால் மாற்று ஆளுக்கு எங்கே போவது? பட்டியல் போடும் முன்பே மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள். கருக்கலைப்பு முடிந்த பிறகு அந்தப் பெண்ணின் ரத்தப்போக்கைக் கவனிப்பதையும் தட்டிக்கழித்தால், என்னைக் கேட்டால், அது விசுவாசமல்ல. படுக்கையருகே பிரசங்கமும் வேண்டாம். கருக்கலைப்புக்கு முன், ஆலோசனைக்குப் பின் 48 மணி நேரம் யோசிக்க அந்தப் பெண்ணுக்குச் சட்டமே அவகாசம் தருகிறது.