காகிதப்பூ போன்சாய் ஏன் பூக்கவில்லை?

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் மூன்று ஆண்டாகக் காகிதப்பூவை போன்சாயாக (தொட்டியில் குட்டை மரமாக) வளர்க்கிறேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் இலைதான் வருகிறது, பூவைக் காணோம். – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தினமும் ஊற்றுவதுதான் வில்லங்கமே! மழை குறைந்த வாரங்களுக்குப் பிறகு நம்மூர் மேம்பாலங்களில் காகிதப்பூ கொட்டிப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேபோல மண் காய்ந்து இலை லேசாகத் துவளும்போது மட்டும் தண்ணீர் விடுங்கள், அப்புறம் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் கட்டாயம், நடைபாதை நிழலாக இருந்தால் பூ கஷ்டம்தான். புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் பூத்து முடிந்ததும் வெட்டுங்கள். கம்பி சுற்றி வளைப்பது இளங்கிளையில் மட்டும்; முற்றியது படக்கென்று முறியும். பட்டையில் பதியும் முன் கம்பியைக் கழற்றிவிடுங்கள். சரி, அடித்தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது, டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் அபராதம் கட்ட வேண்டிவரும்!