பதிவு தாத்தா பெயரில், அட்வான்ஸ் பேரனிடம்

கேள்வி (சுருக்கமாக): டோக்கியோ நிஷிகசாயில் வேலை பார்க்கிறேன். நகானோ மாகாணத்தில் ஒரு சிற்றூரில் பழைய மர வீட்டை 25 லட்சம் யென்னுக்குப் பேசி 3 லட்சம் முன்பணம் கொடுத்தேன். சாவியும் தந்துவிட்டதால் கூரை, குளியலறை வேலைக்கு 8 லட்சம் செலவழித்தேன். பதிவு இன்னும் விற்பவரின் தாத்தா பெயரில் இருக்கிறதாம். ஆறு வாரிசுகளில் ஐந்து பேர் சம்மதம், ஒசாகாவில் இருப்பவர் கடிதத்துக்கே பதில் போடவில்லை. தரகர் போனை எடுப்பதில்லை. வெளிநாட்டவர் என்று ஏமாற்றுகிறார்களா? விற்பவரின் பங்கையாவது வாங்கிக்கொள்ளவா?

பதில்: தரகரை விடுங்கள். வெளிநாட்டவர் என்பதும் இங்கே பேச்சே இல்லை; ஜப்பானியர் வாங்கியிருந்தாலும் இதே இடத்தில்தான் மாட்டியிருப்பார். விஷயம் ஒன்றுதான்: அந்த ஆறாவது வாரிசின் இன்கான் முத்திரையும் (கையெழுத்துக்குப் பதிலாகப் பதிவு செய்து வைத்திருக்கும் சொந்த முத்திரை) அதன் சான்றிதழும் வருமா, வராதா. பாகப்பிரிவினைக்கு ஆறு பேரும் வேண்டும், ஐந்து பேர் சம்மதம் பெரும்பான்மை என்று கணக்குப் போடாதீர்கள்.

2024 ஏப்ரல் 1 முதல் வாரிசுப் பதிவு கட்டாயம், பழைய மரணங்களுக்கு 2027 மார்ச் 31 கெடு, அதனால் எல்லாரும் வழிக்கு வந்துவிடுவார்கள் என்று தரகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தேதி சரி. ஆனால் 'நானும் ஒரு வாரிசு' என்று பதிவு அலுவலகத்தில் தெரிவித்தாலே அந்தக் கடமை தீர்ந்தது, தவறினாலும் அபராதம் அதிகபட்சம் 1 லட்சம் யென். விற்கச் சொல்லி அந்தச் சட்டம் யாரையும் நெருக்காது. குடும்ப நீதிமன்றத்துக்குப் போகலாம்தான், அதுவும் வாரிசுகள் போட வேண்டிய மனு, உங்களுடையது இல்லை.

அப்புறம் அந்தப் பங்கு. தயவுசெய்து வாங்காதீர்கள். என்னிடம் வந்தவர்களில் ரொம்ப நொந்துபோனவர்கள் இப்படிப் பங்கை வாங்கியவர்கள்தான். பெயர் மாறிய நாளிலிருந்து முன்பின் தெரியாத ஐந்து பேரோடு நீங்கள் கூட்டு உரிமையாளர். சொத்து வரி முழுவதையும் உங்களிடமே கேட்கலாம், ஏனென்றால் கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் முழு வரிக்கும் பொறுப்பு. ஓடு சரிந்து பக்கத்து வீட்டுக் கார்மேல் விழுந்தால் அங்கே குடியிருக்கும் உங்களைத்தான் முதலில் பிடிப்பார்கள். முழு வீட்டையும் விற்க அதே ஆறாவது ஆளின் கையெழுத்து வேண்டும். மற்றவர்கள் ஒத்துவராவிட்டால் கடைசியில் மிஞ்சுவது, பிரித்துக் கொடுக்கக் கோரி வழக்கு. வீட்டை ஆறாக வெட்ட முடியாது, ஏலத்துக்குப் போனால் வருவது வக்கீல் செலவுக்கே காணாது.

8 லட்சமும் முழுசாகத் திரும்பும் என்று நினைக்க வேண்டாம். ஒழுகிய கூரையை அடைத்தது வீட்டைக் காப்பாற்றிய செலவு, அதைத் தைரியமாகக் கேளுங்கள். புதுக் குளியல் தொட்டிக்கும் டைல்ஸுக்கும் அப்படி இல்லை. போட்ட பணமா, அதனால் வீட்டுக்கு ஏறிய மதிப்பா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாரிசுகள் பக்கம். ஆட்கள் காலி செய்துகொண்டு போகும் ஊரில் குளியலறையால் விலை எவ்வளவு ஏறிவிடும்?

சமரசமாகப் போங்கள். விற்பவர் பின்வாங்கினால் முன்பணம் இரட்டிப்பாகத் திரும்ப வேண்டும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அவர் பின்வாங்கவில்லை, முடியாமல் நிற்கிறார். 3 லட்சம், கூரைச் செலவு, குளியலறைக்குப் பேசி ஒரு தொகை, எல்லாம் எழுத்தில். பணம் கணக்கில் ஏறிய பிறகே சாவியைக் கொடுங்கள். வீடு மனசுக்குப் பிடித்துவிட்டது, விட முடியாது என்றால் ஒரு தேதி குறித்து, அதற்குள் ஆறு பேரும் கையெழுத்துப் போடாவிட்டால் ஒப்பந்தம் ரத்து, பணம் வாபஸ் என்று எழுதி வாங்குங்கள். அதுவரை அந்த வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள்.