ஸ்பார்க் பிளக்கை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது?

கேள்வி: என் பெட்ரோல் கார் 40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் நான்கு பிளக்கையும் மாற்றச் சொல்கிறார்கள். தெரிந்த மெக்கானிக்கோ, ஒரு லட்சம் வரை தொடவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். உங்கள் இன்ஜினில் இருப்பது எந்த உலோகப் பிளக் என்பதுதான் கணக்கு. சாதாரண நிக்கல் பிளக் என்றால் 30,000 முதல் 40,000 கி.மீ.க்குள் மாற்றிவிட வேண்டும். பிளாட்டினம், இரிடியம் வகைகள் பொதுவாக 60,000 முதல் ஒரு லட்சம் வரை தாங்கும். காரோடு வந்த கையேட்டில் பிளக்கின் எண்ணும் மாற்ற வேண்டிய கி.மீ.யும் இருக்கும், அதுவே கடைசி வார்த்தை. சி.என்.ஜி. வண்டிக்கு இந்தக் கணக்கு குறையும். வாயுக் கலவையைப் பற்றவைக்கக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும் என்பதால் பிளக் சீக்கிரம் தேயும்.

ஒவ்வொரு பொறிக்கும் முனையில் துளி உலோகம் கரைகிறது. நிக்கல் சுமார் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,400 டிகிரிக்கு மேல். அதனால்தான் அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரிடியம் முனை, ஐந்து மடங்கு தடித்த நிக்கல் முனையைவிட நீடிக்கிறது. முனை தேயத் தேய இடைவெளி அகலும், பொறி அதைத் தாண்டிக் குதிக்க, பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் அதிக வோல்டேஜ் தர வேண்டியிருக்கும். பிளக்கை இழுத்தடித்தால் முதலில் செலவு வைப்பது இந்தக் காயில்தான். பிறகு மிஸ்ஸிங், அதாவது ஏதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போவது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து அதையும் கெடுக்கும். இன்ஜின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் வண்டியை மேலும் ஓட்டாதீர்கள்.

பிக்கப் குறைவது, ஐடிலில் உதறல், காலையில் ஸ்டார்ட் ஆக அடம் எல்லாம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சிக்னலில் நின்று நின்று ஓடும் நகர வண்டியில், மீட்டர் ஏறாத நேரத்திலும் பிளக் பொறி விட்டுக்கொண்டுதான் இருக்கும். அப்படி ஓடும் நிக்கல் பிளக்கை 30,000-லேயே மாற்றுவது நல்லது.

வீட்டில் நீங்களே மாற்றுவதானால், இன்ஜின் முழுக்க ஆறட்டும். சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கைத் திருகினால் மரை போய்விடும். பிளக் விலையைப் போலப் பல மடங்கு செலவு. காயிலைக் கழற்றியதும் பிளக் இருக்கும் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். புதுப் பிளக்கை ரப்பர் பிடியுள்ள பிளக் சாக்கெட்டில் வைத்து, ராட்செட் போடாமல் கையாலேயே கடைசி வரை திருகுங்கள். நடுவில் இடறினால் மரை குறுக்கே ஏறுகிறது. கழற்றித் திரும்பப் போடுங்கள். 14 மி.மீ. மரை, வாஷர் உள்ள பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் இறுக்கம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லையென்றால் கையால் இறுகிய பிறகு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள். 12, 10 மி.மீ. பிளக்குகளுக்கு இறுக்கம் இன்னும் குறைவு. மரையில் கிரீஸ் தடவ வேண்டாம்; தடவினால் அதே டார்க்கில் அளவுக்கு மீறி இறுகிவிடும். இரிடியம் முனையை வயர் பிரஷ்ஷால் தேய்ப்பதும், இடைவெளி அளக்கும் நாணய வடிவ கேஜால் நெம்புவதும் கூடாது, உடைந்துவிடும்.

கழற்றிய பிளக்கை சிலிண்டர் வரிசையிலேயே வையுங்கள், இன்ஜினின் ரிப்போர்ட் அதில் இருக்கிறது. இளம் பழுப்பு என்றால் நலம். காய்ந்த கரி அதிகப் பெட்ரோலையோ அடைத்த ஏர் ஃபில்டரையோ காட்டும். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. முனையில் ஈரமாக ஆயில் இருந்தால் வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கலாம். மேலே குழியில் மட்டும் ஆயில் தேங்கியிருந்தால் பயமில்லை, டேப்பட் கவர் பேக்கிங் போட்டால் போதும்.

எண் மாறிய பிளக் வேண்டாம், மரை பொருந்தினாலும். அதன் வெப்பத் தரம் (பிளக் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பது) தவறினால் கரியோ, இன்ஜினில் தட்டும் சத்தமான நாக்கிங்கோ வரும். சில வண்டிகளில் எத்தனை பிளக் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: 2003-இல் வந்த ஹோண்டா சிட்டியின் 1.5 ஐ-டி.எஸ்.ஐ. இன்ஜினுக்கு நான்கல்ல, எட்டு.

எல்லாம் புதிதாகப் போட்டும் ஒரே சிலிண்டர் மிஸ் ஆனால், அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங் கூடவே இடம் மாறினால் காயில் போயிற்று. மாறாவிட்டால் இன்ஜெக்டரையும் கம்ப்ரெஷனையும் பார்க்கச் சொல்லுங்கள்.